கையடக்க கேம் கருவிகள்: லினக்ஸை எடுத்துக்கொண்டு மூலநிரலைத் தராமல் விற்பது சரியா?

டிக்கோயா_ரிப்பேர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் டவுனில் ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கொஞ்ச காலமாக ஃபோனுக்கு அடுத்தபடியாக என் மேசைக்கு வருவது சீனாவில் செய்த, பழைய கேம்களை ஓட்டும் ஆர்36எஸ் மாதிரியான கையடக்க கேம் கருவிகள்தான். கொழும்பில் கடை வேலைக்குப் போன அண்ணன் வாங்கி வந்தது, டுபாயிலிருந்து அம்மா அனுப்பியது, இப்படித்தான் தோட்டத்துப் பிள்ளைகள் கைக்கு வருகிறது. கெட்டுப்போனால் திருப்பி அனுப்ப இடமில்லை, வாரன்டி என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்.

வருகிற கேஸில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி: லைட் எரிகிறது, திரை கறுப்பு. கூட வரும் பெயர் தெரியாத மெமரி கார்டு செத்துப்போயிருக்கும். நல்ல கார்டு ஒன்றில் ஆர்க்ஓஎஸ் என்ற இலவச லினக்ஸ் சிஸ்டத்தை ஏற்றிப் போட்டால் சரியாகிவிட வேண்டும். ஆனால் ஆகாது. ஏனென்றால் வெளியே ஒரே பிளாஸ்டிக் கூடு, உள்ளே தயாரித்த ஒவ்வொரு லொட்டுக்கும் வேறு வேறு டிஸ்ப்ளே பனல். எந்த பனல், அதை எப்படி எழுப்புவது என்பதெல்லாம் கார்டின் பூட் பகுதியில் இருக்கும் ஒரு சின்ன டி.டி.பி. கோப்பில் எழுதியிருக்கிறது. பழைய கார்டிலிருந்து அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துப் புதுக் கார்டில் போட்டால் படம் வந்துவிடும். கார்டு முழுசாகச் செத்து, பனலும் யாரும் பார்க்காத பனலாக இருந்தால் அவ்வளவுதான். பொருள் நல்லாயிருக்கிறது, பேட்டரி நல்லாயிருக்கிறது, ஒரு சின்னக் கோப்பு இல்லாததால் குப்பை.

இப்போது என் கேள்வி. இந்தக் கருவியில் ஓடுவது லினக்ஸ் கேர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி. அதன் உரிமம் ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு, 1991இல் எழுதப்பட்டது. அதன்படி கேர்னலை வைத்துப் பொருள் விற்பவர் தான் செய்த மாற்றங்களோடு மூலநிரலை, அதாவது ஆட்கள் வாசித்துத் திருத்தக்கூடிய நிரலை, தர வேண்டும், இல்லாவிட்டால் கேட்டால் தருகிறேன் என்று குறைந்தது 3 வருஷத்துக்குச் செல்லுபடியாகும் எழுத்து மூல உறுதியாவது பெட்டியில் இருக்க வேண்டும். என் மேசைக்கு வந்த எந்தப் பெட்டியிலும் அப்படி ஒரு துண்டுக் காகிதத்தை நான் பார்த்ததில்லை. அந்தப் பனலை எழுப்பும் வரிகள் வெளியே இருந்திருந்தால் நான் திருத்திக் கொடுத்திருப்பேன். இதைப் பற்றி யாரும் பேசாமல் எந்தக் கருவியில் எந்த கேம் நல்லா ஓடும் என்று மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மஸ்கெலியா_கேமர் எழுதியது:

அண்ணே, நீங்கள் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் 30, 40 டொலருக்கு ஒரு பொருள் வருகிறதென்றால் அவர்கள் இதையெல்லாம் பார்க்காததால்தான் வருகிறது. வக்கீல் வைத்து, ஆவணம் வைத்து, மூலநிரல் போட ஆள் வைத்து விற்றால் அது 100 டொலர் ஆகும், அப்புறம் எங்கள் டிவிஷனில் ஒரு பையன் கையிலும் இருக்காது. ஸ்டீம் டெக் 2022இல் வந்தபோது 399 டொலர். நல்ல கருவி, லினக்ஸ், எல்லாம் சரி. மஸ்கெலியாவில் யார் வாங்குவது?

எங்களுக்கு வேண்டியது விளையாட ஒன்று. மூலநிரலை வைத்து என்ன செய்யப் போகிறோம்?

பதுளை_பழசு எழுதியது:

தம்பி மஸ்கெலியா, விலை குறைந்ததற்கு நீங்கள் சொல்லும் காரணம் தலைகீழாக இருக்கிறது. கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

2001இல் கொரியாவில் கேம் பார்க் என்ற கம்பனி ஜி.பி.32 என்று ஒன்றை விட்டது. யார் வேண்டுமானாலும் அதற்கு நிரல் எழுதலாம் என்று விட்டதால் பெரிய கம்பனிகளின் கேம் இல்லாமலேயே ஒரு கூட்டம் அதைச் சுற்றிச் சேர்ந்தது. 2005இல் அந்த வழியில் வந்த ஜி.பி.2எக்ஸ், லினக்ஸில் ஓடியது, இரண்டு டபுள் ஏ பேட்டரி போட வேண்டும். அப்போதே இதே சண்டை வந்தது: கேர்னலும் ஜி.பி.எல்., உள்ளே இருந்த எம்பிளேயர் என்ற வீடியோ நிரலும் ஜி.பி.எல்., மூலநிரல் எங்கே என்று வாங்கியவர்கள் கேட்டார்கள். அதற்குப் பிறகு டிங்கூ ஏ320 வந்தது. உள்ளே மூடிய சிஸ்டம். வெளியாள் ஒருவர் தன் முயற்சியில் அதில் லினக்ஸை ஏற்றினார், டிங்கக்ஸ் என்று பெயர். அது வளர்ந்து ஓப்பன்டிங்கக்ஸ் ஆகி, 2013இல் கிக்ஸ்டார்ட்டரில் காசு சேர்த்த ஜி.சி.டபிள்யூ. ஜீரோவில் ஓடியது. 2019இல் ஆர்.ஜி.350 வந்தபோது அதே ஜே.இசட்.4770 சிப், அதே ஓப்பன்டிங்கக்ஸ். தயாரிப்பாளருக்கு சிஸ்டம் செய்ய ஒரு சதமும் செலவில்லை, ஏற்கெனவே யாரோ செய்து வைத்திருந்தார்கள்.

ஆர்36எஸ் கதையும் அதுதான். அதில் இருக்கும் ஆர்.கே.3326 சிப்பை வைத்து முதலில் ஓட்ராய்ட்-கோ அட்வான்ஸ் என்று ஒரு கருவி வந்தது. அதைச் செய்த கம்பனி கேர்னல் மூலநிரலையும் சர்க்கிட் படத்தையும் வெளியே போட்டது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற எல்லோரும் ஏறினார்கள். ஆக, மலிவாகக் கிடைப்பது விதியை மீறியதால் அல்ல, வேறு ஆட்கள் விதிப்படி திறந்து வைத்ததால். எடுத்தவர் மட்டும் திறக்கவில்லை.

நம்ம ஆட்கள் பறித்த கொழுந்து பெயர் தெரியாத பெட்டியில் போய் விற்கிற மாதிரிதான் இதுவும். அதைக் கேட்டு வளர்ந்த நாம் இங்கே "விலை குறைவுதானே" என்று சொல்லக் கூடாது.

மஸ்கெலியா_கேமர் எழுதியது:

//தயாரிப்பாளருக்கு சிஸ்டம் செய்ய ஒரு சதமும் செலவில்லை//

இது எனக்குத் தெரியாது அண்ணே. ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. எழுதியவர்கள் இலவசமாக விட்டார்கள், இவர்கள் எடுத்தார்கள். எடுக்கக் கூடாதென்றால் ஏன் விட்டார்கள்?

பண்டாரவளை_பிட் எழுதியது:

நான் சொந்த ஊர் பண்டாரவளை, கொழும்பில் சொஃப்ட்வேர் வேலை. மஸ்கெலியா மச்சான் கேட்ட கேள்விதான் முக்கியமானது, அதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது.

எடுக்கலாம், விற்கலாம், அதற்குத் தடையே இல்லை. கட்டற்ற மென்பொருள், திறந்த மூலம் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் விற்பனைக்கு அனுமதி உண்டு. ஜி.பி.எல். கேட்பது ஒன்றுதான்: நீ பெற்ற உரிமையை உன்னிடம் வாங்குபவருக்கும் கொடு. எம்.ஐ.டி. என்ற இன்னொரு உரிமம் அதைக்கூடக் கேட்காது, எழுதியவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் அழிக்காதே என்பதோடு விட்டுவிடும்.

ஆனால் நான் எமுலேட்டர், அதாவது பழைய கேம் கருவி மாதிரி நடந்து அதன் கேமை ஓட்டும் நிரல், எழுதுபவர்கள் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியதை ஒருத்தர் கார்டில் போட்டு லட்சக்கணக்கில் விற்கிறார், கெட்டுப்போனால் வாங்கியவன் வந்து திட்டுவது எழுதியவரை. இதனால்தான் ஸ்னெஸ்9எக்ஸ் மாதிரி சில எமுலேட்டர்களில் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறது. மேம் எமுலேட்டரிலும் நீண்ட காலம் அப்படித்தான், 2016இல்தான் முழுசாகத் திறந்த உரிமத்துக்கு வந்தார்கள். டக்ஸ்டேஷன் எமுலேட்டர் நேர் எதிராகப் போனது: ஜி.பி.எல்.-இல் இருந்தது, 2024இல் வியாபாரமும் கூடாது, மாற்றி வெளியிடவும் கூடாது என்று ஆக்கிவிட்டார் எழுதியவர். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் களைப்பு எனக்குப் புரிகிறது. நான் எழுதினால் நானும் வியாபாரத் தடை போடத்தான் யோசிப்பேன்.

டிக்கோயா_ரிப்பேர் எழுதியது:

//நானும் வியாபாரத் தடை போடத்தான் யோசிப்பேன்//

தம்பி பிட், அந்தத் தடை யாரைத் தடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜி.பி.எல்.-ஐ மீறுபவருக்கு வியாபாரத் தடை மட்டும் பெரிய விஷயமா? ஸ்னெஸ்9எக்ஸ் எத்தனையோ பெட்டியில் வந்துகொண்டுதானே இருக்கிறது. தடை பிடிப்பது விதியை மதிக்கும் ஆளை மட்டும்தான். நான் ஒரு பிள்ளையிடம் காசு வாங்கிக்கொண்டு புதுக் கார்டு போட்டுக் கொடுக்கிறேன். அது வியாபாரமா இல்லையா? எமுலேட்டருக்கு விலை இல்லை, கார்டுக்கும் என் நேரத்துக்கும் காசு. எழுதியவர் அதை வியாபாரம் என்று சொன்னால் நான் குற்றவாளி. மேம் மாதிரித் திறந்து விட்டிருந்தால் அந்தப் பயமே இல்லை.

இன்னொன்று. மாற்றி வெளியிடக் கூடாது என்றால் நாளைக்குப் புது பனலோ புது சிப்போ வந்தால் அதற்கு ஏற்ற மாதிரி வேறு ஒருவர் திருத்தி எல்லோருக்கும் கொடுக்க முடியாது. எழுதியவர் சலித்துப்போய் விட்டுவிட்டால் அதோடு சரி.

2022ஐ நினைத்துப் பாருங்கள். கரண்ட் கட், டொலர் இல்லை, இறக்குமதித் தடை. அந்த நேரத்தில் கையில் இருந்ததைத் திருத்தித்தான் எல்லோரும் ஓட்டினோம். எந்தப் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்ததோ அதுதான் என் மேசையிலிருந்து உயிரோடு போனது. அதனால்தான் இதை நான் கொள்கைச் சண்டையாகப் பார்ப்பதில்லை. கேட்டு வாங்கவும் முடியும். 2003இல் லிங்க்சிஸ் ரவுட்டரின் மூலநிரலை ஆட்கள் கேட்டுக் கேட்டு வெளியே எடுத்ததில்தான் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. என்ற திறந்த ரவுட்டர் சிஸ்டம் பிறந்தது, இன்றைக்கும் பழைய ரவுட்டர்களுக்கு அதைத்தான் ஏற்றுகிறோம்.

தலவாக்கலை_டீச்சர் எழுதியது:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். நான் பாடசாலையில் ஐ.சி.டி. படிப்பிக்கிறேன். ரிப்பேர் அண்ணன் உடைந்ததைப் பற்றிப் பேசுகிறார், நான் உடையாத ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு பெற்றோர் கொடுத்த பழைய கருவி ஒன்றை வைத்துப் பிள்ளைகளுக்கு டிக்-80 காட்டினேன். சின்ன கேம் எழுதுவதற்கான இலவச மென்பொருள், எம்.ஐ.டி. உரிமம், திரை 240க்கு 136 புள்ளி, 16 நிறம், லுவா மொழியில் எழுதலாம். பிகோ-8 என்று இதே மாதிரி இன்னொன்று இருக்கிறது, அருமையானது, ஆனால் காசு கொடுக்க வேண்டும், மூலநிரலும் மூடியது. பிள்ளைகள் எழுதிய கேமில் ஒரு அக்கா கொழுந்து பறித்துக்கொண்டு போவார், காலில் அட்டை ஏறினால் ஒரு உயிர் போகும். வகுப்பு முழுக்க அதற்கு அடிபட்டது.

அப்புறம் பிள்ளைகளே கேட்டார்கள், மெனுவில் தமிழில் பெயர் வராதா என்று. கருவியில் பட்டியல் காட்டுவது எமுலேஷன்ஸ்டேஷன். தமிழ் எழுத்துரு ஒன்றைப் போட்டு, கேமின் பெயரைத் "தேயிலை" என்று மாற்றினேன். திரையில் என்ன வந்தது தெரியுமா? முதலில் த தனியாக நிற்கிறது. அதன் இடது பக்கம் இருக்க வேண்டிய இரட்டைச் சுழி வலது பக்கம் போய் யகரத்தோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் லகரம் முடிந்து, ஐகாரக் கொம்பு அதற்குப் பின்னால் அநாதையாக நிற்கிறது. ஒரு பிள்ளை அதை "தயேில" என்று வாசித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது நம்ம எழுத்துத்தானா?" என்று கேட்டது.

பிட் தம்பி, இது எதனால் என்று சொல்ல முடியுமா? திருத்த முடியுமா?

பண்டாரவளை_பிட் எழுதியது:

டீச்சர், காரணம் தெரிந்ததுதான். கணினியில் தமிழ் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகிறது, முதலில் த, அடுத்து ஏகாரக் குறி. திரையில் வரையும்போது அந்தக் குறியை இடப்பக்கம் தள்ளுவது தனி வேலை. அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பு, நம்ம ஃபோன், பிரவுசர் எல்லாவற்றிலும் பெரும்பாலும் அதுதான் ஓடுகிறது. எமுலேஷன்ஸ்டேஷன் முதலில் எழுதப்பட்டபோது எழுத்தின் உருவத்தை மட்டும் வரையும் ஃப்ரீடைப் தொகுப்பை மட்டும் வைத்து ஒவ்வொரு எழுத்தாக இடமிருந்து வலமாக அடுக்கினார்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழ், சிங்களம், ஹிந்தி எல்லாம் சிதறும்.

திருத்தலாம். எமுலேஷன்ஸ்டேஷன் எம்.ஐ.டி. உரிமம், ஹார்ஃப்பஸும் அதே மாதிரித் தளர்வான உரிமம். எழுத்துருவைக் கையாளும் ஒரு பகுதியில் கை வைக்க வேண்டும், வரியின் அகலத்தை அளக்கும் இடத்தையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெயர் பெட்டியை விட்டு வெளியே ஓடும். இதுவே மூடிய கருவி என்றால் கம்பனிக்கு மெயில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். தலவாக்கலையில் ஒரு வகுப்புக்காக எந்தக் கம்பனி அதைத் திருத்தும்?

மஸ்கெலியா_கேமர் எழுதியது:

டீச்சர் சொன்னது நல்ல விஷயம், அந்த அட்டை கேமை எனக்கும் அனுப்புங்கள். ஆனால் எல்லோரும் ஒன்றைப் பேசாமல் தாண்டிப் போகிறீர்கள். இந்தக் கார்டுகளில் ஆயிரக்கணக்கில் கேம் போட்டு வருகிறதே, அது மட்டும் விதிப்படியா? நின்டெண்டோ வழக்குப் போட்டு, தன் ஸ்விட்ச் கருவியின் கேமை ஓட்டும் யுசு எமுலேட்டரையே மூட வைத்தது. திறந்த மூலம் திறந்த மூலம் என்று சொல்லிக்கொண்டு திருட்டு கேமை விளையாடினால் எப்படி?

பதுளை_பழசு எழுதியது:

நியாயமான கேள்வி, தம்பி. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எமுலேட்டர் எழுதுவது வேறு, அடுத்தவர் கேமைப் பிரதி எடுத்து விற்பது வேறு. யுசு வழக்கு 2024 மார்ச்சில் 24 லட்சம் டொலர் கொடுப்பதாகச் சமரசத்தில் முடிந்தது, வாதாடித் தீர்ப்பு வாங்கும் வரை போகவில்லை. அதே ஆள்கள் செய்த சிட்ரா எமுலேட்டரும் அதோடு போனது. அவர்கள் மேல் வைத்த குற்றச்சாட்டின் மையம் ஸ்விட்சின் பாதுகாப்புப் பூட்டை உடைக்க வழி செய்தார்கள் என்பது. அந்த மாதிரிப் பூட்டு இல்லாத பழைய கேம்போய் கதை அதிலிருந்து வேறு.

கார்டில் வரும் கேம்கள் விஷயத்தில் நான் வெட்டி ஒட்டிப் பேசப் போவதில்லை. அதை நிரப்பி விற்பவர் கேம் எழுதியவரிடமும் கேட்கவில்லை, எமுலேட்டர் எழுதியவரிடமும் கேட்கவில்லை, கேர்னல் எழுதியவரிடமும் கேட்கவில்லை. மூன்றும் ஒரே புத்திதான்.

சுத்தமாக விளையாட வேண்டுமென்றால் வழி இருக்கிறது. டூம் என்ற பழைய கேமை ஓட்டும் எஞ்ஜினின் மூலநிரல் 1997இல் வெளியே வந்து 1999இல் ஜி.பி.எல். ஆனது. அதற்கான படங்கள், ஒலிகள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து ஃப்ரீடூம் என்று கொடுத்திருக்கிறார்கள், சட்டப்படி இலவசம். ஓப்பன்டி.டி.டி., வெஸ்நாத் என்ற திறந்த கேம்களும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு நான் கொடுப்பது அவைதான்.

பண்டாரவளை_பிட் எழுதியது:

ரிப்பேர் அண்ணனுக்கு இன்னொரு விஷயம். டி.டி.பி. மட்டுமல்ல, திரைக்குப் படம் வரையும் சிப்பை ஓட்டும் நிரலான கிராஃபிக்ஸ் டிரைவரிலும் இதே பூட்டு இருக்கிறது. ஆர்.கே.3326இல் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி மாலி ஜி31. அதற்குக் கம்பனி கொடுப்பது மூலநிரல் இல்லாத மூடிய டிரைவர், அது பழைய கேர்னலோடு கட்டப்பட்டது. ஆர்க்ஓஎஸ் 4.4 கேர்னலில் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். 4.4 வந்தது 2016 ஜனவரியில், 2022 பெப்ரவரியோடு அதற்கான நீண்டகாலப் பராமரிப்பு முடிந்துவிட்டது. புதுசாகக் கடைக்கு வரும் கருவியில் பராமரிப்பு முடிந்த கேர்னல்!

வெளியாட்கள் அந்த கிராஃபிக்ஸ் சிப்பை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து எழுதிய பான்ஃப்ரொஸ்ட் டிரைவர் திறந்தது. அதை வைத்துத்தான் ராக்னிக்ஸ் மாதிரி சிஸ்டங்கள் புதுக் கேர்னலுக்குப் போக முடிந்தது. எங்கேயாவது கொஞ்சம் வேகம் குறையலாம். ஆனால் கருவிக்கு வயது கூடுகிறது. எனக்கு அதுதான் பெரிசு.

வியாபாரத் தடை பற்றி அண்ணன் எழுதியதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் சரியில்லை. கடைக்காரரை அந்தத் தடை பிடிக்கும் என்ற கோணம் வலுவானது. எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை, எழுதியவருக்குக் கொஞ்சமாவது கைப்பிடி வேண்டும் என்றுதான் படுகிறது. ஆனால் அந்தக் கைப்பிடி ஜி.பி.எல்.-இலேயே இருக்கிறது, பிடித்து இழுப்பவர்தான் குறைவு என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

மஸ்கெலியா_கேமர் எழுதியது:

//பிடித்து இழுப்பவர்தான் குறைவு//

இழுப்பதற்கு வழக்குப் போட வேண்டும், சீனாவில் போய் யார் போடுவது? இதெல்லாம் வெளிநாட்டு ஆட்கள் செய்யும் வேலை, நமக்கும் இதற்கும் தூரம்.

பதுளை_பழசு எழுதியது:

தூரம் என்று சொல்லாதீர்கள் தம்பி. 2004 டிசம்பர் சுனாமியில் காணாமல் போனவர்களைத் தேடவும், முகாம்களையும் நிவாரணத்தையும் ஒழுங்குபடுத்தவும் இந்த நாட்டில் எழுதப்பட்ட மென்பொருள்தான் சஹானா. திறந்த மூலமாக விட்டதால் அடுத்த வருஷமே பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கு அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருது அதற்குக் கிடைத்தது. நம்ம நாட்டிலிருந்து போனது அது. நாம் எடுப்பவர்கள் மட்டும் இல்லை.

டிக்கோயா_ரிப்பேர் எழுதியது:

வழக்குப் போடச் சொல்லவில்லை தம்பி. நம்மால் முடிந்ததைச் சொல்கிறேன், இதற்குத்தான் இழையை ஆரம்பித்தேன்.

வேலை செய்யும் நிலையில் யாரிடமாவது கருவி இருந்தால், கெட்டுப்போகும் முன்னே பூட் பகுதியில் இருக்கும் டி.டி.பி. கோப்புகளைப் பிரதி எடுத்து வையுங்கள். பின் மூடியைக் கழற்றி போர்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படம் எடுங்கள். இரண்டையும் இங்கே போட்டால் பனல் வாரியாக நான் சேர்த்து வைக்கிறேன், எந்தக் கடைக்காரரும் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்பை டி.டி.சி. என்ற திறந்த கருவியால் திருப்பி வாசிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவர முடியும், அதில் பனலை எழுப்பும் கட்டளைகள் இருக்கும். கம்பனி தர வேண்டியதை நாமே தோண்டி எடுப்பது சிரமம்தான், ஆனாலும் எடுக்கலாம். கூடவே விற்றவருக்கு மூலநிரல் கேட்டு ஒரு செய்தி போடுங்கள். பத்துப் பேர் கேட்டால் ஒருவருக்காவது பதில் வரும், வராவிட்டாலும் கேட்டது பதிவாக நிற்கும்.

டீச்சர், அந்தக் கருவியைப் பிள்ளைகள் தினமும் பாவிப்பதென்றால் சார்ஜ் போடும் இடத்தைக் கவனியுங்கள். நம்ம பக்கத்துப் பனிக்கும் ஈரத்துக்கும் அந்த பின்னில் பச்சை பூத்துவிடும். துணியில் சுற்றி அலுமாரியில் வைக்க வேண்டாம்.

பண்டாரவளை_பிட் எழுதியது:

டீச்சர், எழுத்துரு வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். சோதிக்கச் சொற்கள் தாருங்கள். கொம்பு, இரட்டைச் சுழி, ஐகாரம், ஒகர ஓகாரம், ஔகாரம், க்ஷ, ஸ்ரீ எல்லாம் வர வேண்டும். பிள்ளைகளைக் கொண்டே எழுதினால் நல்லது, நாம் யோசிக்காத சொல் அவர்களுக்கு வரும். திருத்தத்தை மூலத் திட்டத்துக்கே அனுப்பப் பார்க்கிறேன், நம்ம கருவியில் மட்டும் வைத்தால் அடுத்த பதிப்பில் மறுபடி சிதறும்.

தலவாக்கலை_டீச்சர் எழுதியது:

திங்கட்கிழமை வகுப்பில் எழுதி வாங்கி இங்கே போடுகிறேன் தம்பி. கொட்டகலை, நானுஓயா, வட்டகொடை, பொகவந்தலாவை என்று ஊர்ப் பெயர்களே பாதிக்கு மேல் உதவும்.

மஸ்கெலியா_கேமர் எழுதியது:

அண்ணே, என்னிடம் இருப்பது வேலை செய்கிறது. கூட்டாளியுடையது திரை கறுப்பு, கார்டு பிசியில் தெரிகிறது ஆனால் ஃபார்மட் பண்ணவா என்று கேட்கிறது. சனிக்கிழமை இரண்டையும் கடைக்குக் கொண்டு வருகிறேன். ஃபார்மட் பண்ணிவிட்டுக் கொண்டு வரட்டுமா?

டிக்கோயா_ரிப்பேர் எழுதியது:

வேண்டாம், வேண்டாம். அந்தக் கார்டில் இருக்கும் லினக்ஸ் பகுதியை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியாது, அதனால்தான் கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் கேன்சல் கொடுங்கள். பூட் என்று ஒரு சின்ன டிரைவ் தனியாகத் தெரிந்தால் அதில் இருப்பதை முழுசாக ஒரு ஃபோல்டருக்குப் பிரதி எடுத்துவிட்டு, கார்டைத் தொடாமல் அப்படியே கொண்டு வாருங்கள். பனல் இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் கோப்பை வைத்தே கூட்டாளியுடையதை அன்றைக்கே எழுப்பிவிடலாம்.